கடலில்லாத ஊரில் கடல் சாமான்

அந்தமானுக்குச் சென்னையிலிருந்தே நேராகப் பறக்கலாம். நான் கொல்கத்தாவைச் சுற்றிக்கொண்டு போனது ஒரு கல்யாணத்துக்காக. லேக் மார்க்கெட் பக்கம் மூன்று தலைமுறையாக வேர்விட்ட தமிழ்க் குடும்பம், என் அத்தை வீடு. ஏப்ரல் மாதம். முகூர்த்தம் முடிந்ததும் ஸ்வராஜ் துவீப்புக்குப் போய் ஸ்கூபா டைவிங் பயிற்சியில் சேர்வதாகத் திட்டம். 2018 டிசம்பரில் பெயர் மாறிய அந்தத் தீவை ஹேவ்லாக் என்று சொன்னால்தான் டிக்கெட் போடுகிறவர்களுக்குக்கூட இன்னும் சட்டென்று புரிகிறது. கல்யாணத்துக்கும் விமானத்துக்கும் நடுவில் சில நாட்கள் கையில் இருந்தன. அவற்றைச் சாமான் தேடுவதில் செலவழித்தேன்.

கிளம்புமுன் பயிற்சியாளரிடம் போனில் பேசியிருந்தேன். தூத்துக்குடிக்காரர், தாத்தா சங்கு குளித்தவராம். என்னென்ன வாங்கிக்கொண்டு வரட்டும் என்று கேட்டதும் சிரித்துவிட்டார். "சார், மாஸ்க் மட்டும் சொந்தமா கொண்டுவாங்க. முடிஞ்சா ஃபின். மத்தது ஒண்ணும் வாங்கிடாதீங்க. எங்க தாத்தா ஒரு கல்லோட இறங்குனாரு." மன்னார் வளைகுடாவின் பழைய குளியாளிகள் கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்துத்தான் அடிக்குப் போனார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கல் இறக்கும், மூச்சு முடிகிறபோது கயிறு ஏற்றும். நம்மிடம் அந்தக் கல் ஈய வெயிட் பெல்ட்டாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் இணையத்தைத் திறந்தால் கதை வேறு. 'ஆரம்பநிலையாளர் முழுத் தொகுப்பு' என்று சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர், மிதவை ஜாக்கெட், வெட்சூட், கத்தி, டார்ச் எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு விற்கிறார்கள். கேஸ் சிலிண்டர் போன்ற ஒன்றை முதுகில் மாட்டிக்கொள்ளும் இந்த விளையாட்டில் ஆசைப்பட்டால் லட்ச ரூபாயைக் கரைப்பது சுலபம். முதல் பயிற்சிக்குப் போகிறவர் அதை வாங்குவது வீண் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்லுமுன் கொல்கத்தாவைப் பற்றிக் கொஞ்சம்.

இந்த ஊருக்குக் கடல் கிடையாது. ஹூக்ளி உண்டு, அதன் கலங்கல் நீரில் நீட்டிய கையே தெரியாது. இருந்தும் இந்தியாவில் இவ்வளவு நீச்சல் பைத்தியம் பிடித்த நகரம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். மிஹிர் சென் 1958 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். மறு ஆண்டு செப்டம்பர் 29 அன்று ஆரத்தி சாஹா அதையே செய்தார். ஆசியப் பெண்களில் அவர்தான் முதல். மிஹிர் சென் நமக்கும் கொஞ்சம் சொந்தம்: 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை நீந்தி வந்தவர் அவர். 1969-ல் பினாகி சாட்டர்ஜியும் ஜார்ஜ் டியூக்கும் துடுப்புப் படகில் கல்கத்தாவிலிருந்து அந்தமான் வரைக்கும் வலித்துக்கொண்டே போனார்கள். படகின் பெயர் கனோஜி ஆங்கரே. எனக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

அத்தை வீட்டிலிருந்து ரவீந்திர சரோவர் நடக்கும் தூரம்தான். 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வெட்டிய ஏரி, அப்போது டாக்குரியா ஏரி. காலை ஐந்தரைக்கே ஆள் நடமாட்டம். கரையில் ரோயிங் கிளப்புகளும் நீச்சல் கிளப்புகளும். இந்தியன் லைஃப் சேவிங் சொசைட்டி 1922-ல் தொடங்கியது. அதை ஆண்டர்சன் கிளப் என்று கேட்டால்தான் ரிக்ஷாக்காரர் வழி காட்டுவார். வட கொல்கத்தாவின் ஹெதுவாவிலும் காலேஜ் ஸ்கொயரிலும் குளத்தைச் சுற்றிலும் பெற்றோர் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருக்க, உள்ளே பிள்ளைகள் வரிசை வரிசையாக நீந்துகிறார்கள். குளிர்காலத்தில் இதெல்லாம் அடங்கிவிடும். வெயில் ஏறியதும் மறுபடி களைகட்டும்.

மாமா இப்படியொரு கிளப்பில் நெடுநாள் உறுப்பினர். அவர் புண்ணியத்தில் விருந்தாளியாக உள்ளே போனேன். சாமான் தேர்வில் முதல் படியே அதுதான் என்று நினைக்கிறேன்: எதுவும் மாட்டாமல் தண்ணீரில் இறங்கிப் பார்ப்பது. ஓப்பன் வாட்டர் என்னும் முதல் சான்றிதழுக்கு ஸ்கூபா பயிற்சி அமைப்பான பாடி (PADI) கேட்பது, நிற்காமல் 200 மீட்டர் நீச்சல் (மாஸ்க், ஸ்நார்க்கெல், ஃபின் போட்டால் 300), பிறகு 10 நிமிடம் மிதந்தோ நீர்மிதித்தோ நிற்பது. வேகம் கணக்கில்லை. "அவசரப்படாதேப்பா, மூச்சை எண்ணு" என்று மாமா கரையிலிருந்து சத்தம் போட்டார். 200 மீட்டருக்கே மேல்மூச்சு வாங்குகிறவர் மாஸ்க் வாங்குவதை ஒத்திவைத்துவிட்டு அந்தப் பணத்தில் நீச்சல் வகுப்பில் சேரலாம்.

சாமான் வேட்டையை மைதான் மார்க்கெட்டில் ஆரம்பித்தேன். காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் எஸ்பிளனேடு. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபரில் ஓடத் தொடங்கியது இந்தத் தடத்தில்தான். டாக்டர் பிதான் சந்திர ராய் மார்க்கெட் என்று மைதான் மார்க்கெட்டின் பலகையில் இருந்தாலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. உள்ளே நுழைந்தால் மோகன் பகானின் பச்சை–மெரூன், ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு–மஞ்சள் ஜெர்சிகள் உத்தரத்திலிருந்து தொங்குகின்றன. கிரிக்கெட் பேட், கேரம் போர்டு, பாக்ஸிங் கையுறை, கோப்பைகள். டைவிங் என்றதும் ஒரு கடைக்காரர் உற்சாகமாக ஏணி போட்டு ஏறி, பரணிலிருந்து தூசி தட்டி ஒரு பாக்கெட்டை எடுத்தார். நீல நிற மாஸ்க்கும் ஸ்நார்க்கெலும் சேர்ந்த செட். விலை நியாயம்தான். ஆனால் முகத்தில் படும் ஓரம் சிலிகான் இல்லை, விறைப்பான பிவிசி. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக். கண்ணாடியாக இருந்தால் ஓரத்தில் 'டெம்பர்டு' என்று அச்சிட்டிருக்கும். உடைந்தாலும் கூரான சில்லுகளாகத் தெறிக்காது என்பதற்கான உத்தரவாதம் அது. இதில் எதுவும் இல்லை. குழந்தைகள் குளத்தில் விளையாட இது போதும். அவர் அடுத்தபடியாக நீச்சல் காகிள்ஸை எடுத்து வைத்தார். காகிள்ஸ் மூக்கை மூடாது. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. கண்ணுக்கு முன்னால் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கும். மூக்கு வழியே கொஞ்சம் காற்றை ஊதி அந்த இடத்தை நிரப்பாவிட்டால் கண்ணை வெளியே உறிஞ்சுகிற மாதிரி இழுத்து, வெள்ளைவிழி ரத்தச் சிவப்பாகிவிடும். டைவிங் மாஸ்க்குக்குள் மூக்கும் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அடுத்து ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கடை. நல்ல சிலிகான் மாஸ்க்குகள் அங்கே கிடைத்தன. பக்கத்திலேயே முகம் முழுவதையும் மூடும் ஸ்நார்க்கெல் மாஸ்க்கும் வரிசையாக இருந்தது. பார்க்கக் கம்பீரம். மேற்பரப்பில் குப்புற மிதந்து மீன் பார்க்க மட்டும்தான் அது. உள்ளே மூக்கைப் பிடிக்க வழியில்லை. காதில் அழுத்தம் ஏறும்போது மூக்கைப் பிடித்து ஊத முடியாவிட்டால் மூன்று மீட்டர்கூட நிம்மதியாக இறங்க முடியாது. வாயில் ரெகுலேட்டர் வைக்கவும் இடமில்லை. இதை ஸ்கூபாவுக்கு என்று நினைத்து வாங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர் என்று பயிற்சியாளர் முன்னமே எச்சரித்திருந்தார்.

மாஸ்க்கைச் சோதிப்பதற்குப் பட்டையே தேவையில்லை. பட்டையை முன்பக்கம் மடித்துவிட்டு, தலையைச் சற்று அண்ணாந்து, மாஸ்க்கை முகத்தில் லேசாகப் பொருத்தி, மூக்கால் மெல்ல மூச்சை இழுக்க வேண்டும். கையை எடுத்த பிறகும் அது முகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்காவது 'உஸ்' என்று காற்று நுழைந்தால் கடலில் அந்த வழியாகத் தண்ணீர் நுழையும். பட்டையை இழுத்து இறுக்கிச் சரிசெய்யலாம் என்பது தப்புக் கணக்கு. இறுக்கினால் சிலிகான் கோணிக்கொண்டு இன்னும் அதிகமாக ஒழுகும், மாலையில் நெற்றி முழுக்க வட்டத் தழும்பு. வாயில் ரெகுலேட்டர் இருக்கும்போது கன்னம் இழுபடுவதால், ஸ்நார்க்கெலின் வாய்ப்பகுதியைப் பல்லால் கடித்தபடி மறுபடி ஒருமுறை சோதிப்பது நல்லது. கடை ஊழியப் பெண் ஒருத்தி நான் கண்ணாடி முன் கைகளை விரித்து, முகத்தில் ரப்பர் ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நிற்பதைப் பார்த்து இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். காட்டட்டும்.

என் சங்கடம் மீசை. விலையுயர்ந்த ஒரு மாஸ்க், தள்ளுபடியோடு, கச்சிதமான கறுப்பு. மூக்கின் கீழே மட்டும் நிற்கவில்லை. அதைவிட மலிவான, தோற்றத்தில் சுமாரான இன்னொன்று கச்சிதமாக ஒட்டியது. மலிவானதையே எடுத்தேன். மூக்குக்கு நேர் கீழே மீசையின் மேல் ஓரத்தை ஒரு கோடு அளவுக்கு மழித்துவிட்டால் சிலிகானுக்குத் தோல் கிடைத்துவிடும். சிலர் வாஸலின் தடவச் சொல்வார்கள். பெட்ரோலிய எண்ணெய்ப் பசை ரப்பரைக் கெடுக்கும், தடவுவதானால் சிலிகான் கிரீஸ்தான்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடியின் காது மாஸ்க்கின் ஓரத்தைத் தூக்கிவிடும் என்பதால் உள்ளே போட முடியாது. இடது வலது என்று இரண்டு தனிக் கண்ணாடி உள்ள மாஸ்க் வாங்கினால் பவர் லென்ஸை மாற்றிப் பொருத்தலாம்; அரை அரையாக ஏறும் ஆயத்த லென்ஸ்கள் கிடைக்கின்றன. தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் பக்கத்திலும் தெரிவதால் லேசான குறை உள்ளவர்கள் ஒன்றும் இல்லாமலே சமாளிக்கிறார்கள். ஆனால் உங்கள் சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் ஊசியைப் படிக்க முடிய வேண்டும். அது முடியாதென்றால் லென்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படியும் மெல்லிய சிலிகான் படலம் இருக்கும். அதை எடுக்காவிட்டால் என்ன எச்சில் துப்பித் தேய்த்தாலும் தண்ணீரில் புகைமூட்டம்தான். ஜெல் இல்லாத வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் தடவி விரலால் பொறுமையாகத் தேய்த்துக் கழுவி, மறுபடி தடவித் தேய்க்க வேண்டும். கல்யாண வீட்டின் வாஷ்பேசினில் நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது அத்தை வந்து பார்த்தார். "பல்லு தேய்க்கிற பேஸ்டு மொத்தமும் இதுக்கே ஆச்சா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா என்ன சொல்றது?" என்று கேட்டுவிட்டு, ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்த்து, "இன்னும் போகலை, தேய்" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

ஃபின் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர் பென்டிங்க் தெருவின் சீனச் செருப்புக் கடைக்காரர். கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த செருப்பை வாங்கப் போயிருந்தேன். சீன வம்சாவளியினரின் செருப்புக் கடைகளுக்குப் பேர்போன தெரு அது. முதியவர் காகிதத்தை விரித்து, என்னை நிற்க வைத்துப் பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்திருந்தார். அந்தக் காகிதத்தைக் காட்டி ஃபின் வாங்க வேண்டும் என்றேன். வலது கால் பெரிது, அதற்குத்தான் வாங்க வேண்டும். உன் கால் முன்பக்கம் அகலம், ஐரோப்பிய அளவை நம்பாதே. சாயங்காலம் போய்ப் போட்டுப் பார், காலையில் கால் சின்னதாக இருக்கும் என்று இந்தியில் அடுக்கினார். அவர் கடலில் இறங்கியதே இல்லை.

ஃபின்னில் இரண்டு வகை. ஷூவைப் போல வெறுங்காலில் நுழைப்பது ஒன்று. குதிகால் திறந்து, ரப்பர் பூட்டுக்கு மேல் பட்டையால் மாட்டுவது இன்னொன்று. கல்லும் பவளத் துண்டும் நிறைந்த கரையில் நடந்து இறங்க வேண்டுமானால் பூட் வகை. படகிலிருந்து குதிப்பதானால், வெதுவெதுப்பான நம் கடலுக்கு முதல் வகை போதும், எடையும் குறைவு. போட்டுக்கொண்டு காலைத் தூக்கி உதறினால் குதிகால் நழுவக் கூடாது, விரல்கள் மடங்கவும் கூடாது. அலகு நீளமாக இருந்தால் வேகம் என்று நினைத்து வாங்கினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நான் குட்டையானதையே வாங்கினேன்.

வெட்சூட்டை விட்டுவிட்டேன். அந்தமான் கடல் வருடம் முழுக்க ஏறக்குறைய 27 முதல் 30 டிகிரி; பள்ளிகள் தரும் மூன்று மில்லிமீட்டர் நியோப்ரீன் போதும், பலர் அரைக்கால் சூட்டிலேயே இறங்குகிறார்கள். வெயிலுக்கும் ஜெல்லி மீனுக்கும் உள்ளே போட ஒரு முழுக்கை ரேஷ் கார்டு மட்டும் வாங்கினேன்.

ரெகுலேட்டருக்கு வருகிறேன். ஹவுரா பாலம் திறந்த அதே 1943-ல், இங்கே வங்கம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோது, ஜெர்மன் பிடியிலிருந்த பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் காக்னானும் செய்து பார்த்த கருவி அது. போரில் பெட்ரோல் கிடைக்காமல் கார்களை எரிவாயுவில் ஓட்டினார்கள். அதற்காகக் காக்னான் வடிவமைத்த வால்வுதான் மூல வித்து. சிலிண்டரில் சுமார் 200 பாரில் இருக்கும் காற்றை முதல் கட்டம் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடப் பத்து பார் அளவுக்கு அதிகமாக இறக்கும். வாயிலிருக்கும் இரண்டாம் கட்டம் நாம் இழுக்கும்போது மட்டும், நாம் இருக்கும் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தரும். அற்புதமான கருவி. அதனாலேயே ஆண்டுக்கொரு முறை பிரித்துச் சர்வீஸ் செய்ய வேண்டும். அந்த பிராண்டைப் பிரிக்கத் தெரிந்த ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா? சிலிண்டரில் பொருத்துவதிலும் இரண்டு ஜாதி: திருகி மாட்டும் டின், கவ்விப் பிடிக்கும் யோக். ஒன்று மற்றதில் அடாப்டர் இல்லாமல் சேராது. இது எதுவும் தெரியாமல், ஒருமுறைகூட மூச்சிழுத்துப் பார்க்காமல், விளம்பரத்தைப் பார்த்து வாங்குவது என்ன நியாயம்? மிதவை ஜாக்கெட்டும் அப்படித்தான். பயிற்சியின்போது இரண்டு மூன்று அளவுகளைப் போட்டுப் பார்த்த பிறகே உங்கள் உடம்புக்கு எது ஒத்துவரும் என்று தெரியும்.

இன்னொரு கணக்கு பெட்டியின் எடை. உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவாக 15 கிலோ. ரெகுலேட்டர், ஜாக்கெட், ஃபின், சூட் என்று மூட்டை கட்டினாலே ஏறக்குறைய அது தீர்ந்துவிடும். மாஸ்க்கை நான் அதன் பிளாஸ்டிக் பெட்டியோடு கைப்பையில் வைத்தேன். பெட்டியில்லாமல் சூட்கேஸில் அமுக்கினால் சிலிகான் கோணிக்கொள்ளும், பிறகு எந்த முகத்திலும் ஒட்டாது.

காசில்லாமல் கொல்கத்தாவில் முடித்த வேலை ஒன்று உண்டு. பயிற்சிப் பள்ளி அனுப்பும் மருத்துவக் கேள்வித்தாளை அங்கேயே படித்தேன். ஆஸ்துமா, இதயம், காது அறுவை, வலிப்பு, கர்ப்பம் என்று நீளும். சில கேள்விகளுக்கு ஒரே ஒரு 'ஆம்' வந்தாலும் மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். பழைய காது வலி ஒன்றுக்காக எனக்கு 'ஆம்' வந்தது. காது மூக்குத் தொண்டை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்து, மூக்கைப் பிடித்து ஊதச் சொல்லி, செவிப்பறை அசைவதைப் பார்த்த பிறகு கையெழுத்திட்டார். தீவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இதற்கு அலைந்தால் பயிற்சி நாளில் ஒன்று போய்விடும்.

தீவில் பள்ளியின் சாமான் அறையில் பயிற்சியாளர் முதலில் என் மாஸ்க்கை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா தேய்ச்சிருக்கீங்க சார்." அத்தைக்கு அந்தப் பாராட்டைச் சொல்லி அனுப்பினேன். வாடகைச் சாமானை எப்படிப் பார்ப்பது என்று பிறகு காட்டினார். சிலிண்டரின் தோளில் அழுத்தச் சோதனை செய்த தேதி குத்தியிருக்கும். குழாய் பொருந்துமிடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பார்க்க வேண்டும். வாயில் கடிக்கும் ரப்பர் கிழிந்திருந்தால் அங்கேயே மாற்றச் சொல்ல வேண்டும், கூச்சப்படக் கூடாது. கடைசியாக, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே நாலைந்து மூச்சு இழுக்க வேண்டும். இழுக்கும்போதெல்லாம் ஊசி ஆடினால் சிலிண்டர் வால்வு சரியாகத் திறக்கவில்லை. காற்றில் எண்ணெய் வாடை அடித்தால் அந்தச் சிலிண்டரே வேண்டாம். எனக்குக் கொடுத்த ஜாக்கெட்டில் காற்று நிரப்பும் பொத்தான் ஒட்டிக்கொண்டது. ஒன்றும் சொல்லாமல் வேறு எடுத்துக் கொடுத்தார்.

இடுப்பளவு நீரில் முட்டிபோட்டுச் செய்யும் முதல் பயிற்சிகளில் ஒன்று மாஸ்க்கில் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவது. அதில்தான் பலர் பதறி எழுந்துவிடுகிறார்கள். எங்களோடு இருந்த ஒரு பையனுக்கு வாடகை மாஸ்க் சேரவேயில்லை. ஊதி முடிப்பதற்குள் மறுபடி நிரம்பியது. அவனுக்குத் திறமைக் குறைவு என்று யாரும் சொல்லவில்லை. பயிற்சியாளர் கரைக்குப் போய் ஒரு கை நிறைய மாஸ்க் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வைத்து மூச்சிழுக்கச் சொன்னார். நிற்கும் ஒன்று கிடைத்ததும் அதே பையன் முதல் தடவையிலேயே செய்துவிட்டான்.

சான்றிதழ் கிடைத்தால் 18 மீட்டர் வரை போகலாம். அடுத்து எதை வாங்க என்று கேட்டேன். டைவ் கம்ப்யூட்டர் என்றார் பயிற்சியாளர். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று அது மட்டும்தான் மறக்காது, அதையும் அடுத்த சீசனில் வாங்குங்கள் சார் என்றார். பிறகு என் திரும்பும் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். பல நாள் டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறியாக வேண்டும். கிதிர்பூர் துறைக்குப் போகும் கப்பலானால் இந்தக் கவலை இல்லை, ஆனால் அது மூன்று நான்கு நாள். என் டிக்கெட்டில் ஒரு நாள் இடைவெளி இருந்தது. "போதும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, ஃபின்னை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடச் சொன்னார்.